பெடல் கட்டையாகிவிட்டதா? பழைய டீசல் காரின் வேக்குவம் பம்பைச் சோதித்து மாற்றும் முறை

பழைய டீசல் காரை ஓட்டிச் செல்லும்போது பிரேக் பெடல் திடீரென்று செங்கல்லை மிதித்ததுபோல் நின்றுவிட்டால், யாருடைய சந்தேகமும் முதலில் வேக்குவம் பம்பின், அதாவது வெற்றிடத்தை உண்டாக்கும் பம்பின், மேல்தான் விழும். அப்படி விழுவதில் தவறில்லை. ஆனால் புதிய பம்பை வாங்கி மாட்டிய பிறகும் பெடல் அதே இறுக்கத்தோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. ஒரு சனிக்கிழமையை முழுவதுமாக விழுங்கிய அந்த வேலையின் முடிவில், வெற்றிடத்தின் உதவியால் காலின் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரில் ஒருவழி வால்வு செருகப்பட்டிருக்கும் ரப்பர் வளையத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். வால்வைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே அது கண்ணில் பட்டது. ஆகவே இங்கே எழுதுவதில் பெரும்பகுதி, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியது.

பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் தகடு காற்று வரும் வழியை அடைப்பதால், இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் தானாகவே உண்டாகிறது. டீசல் எஞ்சினில் அந்தத் தகடு பொதுவாக இல்லை. காற்று தடையின்றி உள்ளே போக, எரிபொருளின் அளவைக் கூட்டிக் குறைத்தே வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. அதனால் பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்தை உண்டாக்கத் தனியாக ஒரு பம்ப் வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். பூஸ்டரின் உள்ளிருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வின் செயல்படும் விட்டம் 225 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 500 மி.மீ. பாதரச அளவு வெற்றிடத்தில் அது சுமார் 270 கிலோ எடைக்குச் சமமான விசையை உங்கள் காலோடு சேர்த்துக் கொடுக்கிறது. வெற்றிடம் 200 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் அந்த உதவி 110 கிலோவுக்கும் கீழே போய்விடும். மீதியைக் கால்தான் ஈடுகட்ட வேண்டும். பிரேக் முற்றிலும் போய்விடுவதில்லை, ஹைட்ராலிக் இணைப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம் பயமுறுத்தும் அளவுக்கு நீண்டுவிடும். ஓடும் வழியில் இப்படி நேர்ந்தால் பெடலை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிப்பும் பூஸ்டரில் எஞ்சியிருக்கும் வெற்றிடத்தைச் செலவழித்துவிடும். ஒரே முறை பலமாக மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும்.

முதலில் கேஜ்

இந்த வேலைக்கு ஒரு வேக்குவம் கேஜும், கையால் இயக்கும் சிறிய வேக்குவம் பம்ப் ஒன்றும் இருந்தால் போதும். எஞ்சினைச் சூடேற்றி நிறுத்திவிட்டு, பம்பின் வாயிலிருந்து பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, கேஜை நேராகப் பம்பின் வாயில் மாட்டுங்கள். இடையில் வேறு எந்தக் கிளையும் இருக்கக் கூடாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஐட்லிங் வேகத்தில் முள் எங்கே போய் நிற்கிறது என்பதையும், அங்கே போவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

கடல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் நல்ல பம்ப் 600 மி.மீ. பாதரசத்தைத் தாண்டிவிடும், அங்குலக் கணக்கில் பார்த்தால் இது 24 அங்குலத்தை நெருங்குகிறது. 500-க்கு மேல் சில விநாடிகளிலேயே ஏறிவிட்டால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம். 400-ஐத் தொடவே திணறுகிற பம்ப் மாற்ற வேண்டிய பம்ப். உங்கள் எஞ்சினுக்கான பணிமனைக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே இறுதி. மலைப்பகுதியில் சோதிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் ஏறும்போது காற்றழுத்தம் 25 மி.மீ. பாதரச அளவுக்குக் குறைகிறது, கேஜின் வாசிப்பும் அந்த அளவுக்கு இறங்கும். 1,500 மீட்டர் உயரத்தில் 500 காட்டும் பம்ப் கடல்மட்டத்தில் 600-க்கு மேல் காட்டக்கூடியது.

கேஜ் கிடைக்காத இடத்தில் கட்டைவிரலால் பம்பின் வாயை மூடிப் பார்ப்பது பழைய பழக்கம். நல்ல பம்ப் விரலின் சதையை உள்ளே இழுத்து, எடுக்கும்போது ‘டப்’ என்ற ஓசையோடு விடும். விரல் நுனியில் சிவப்பு வட்டம் ஒன்று பதிந்திருக்கும். பம்ப் செத்துவிட்டதா உயிரோடு இருக்கிறதா என்று மட்டுமே இதனால் சொல்ல முடியும். தளர்ந்துபோன பம்பை விரல் காட்டிக்கொடுக்காது.

பெடல் எப்போதும் கட்டையாக இருக்கிறது

எஞ்சின் நின்றிருக்கும்போது பெடலை ஐந்தாறு முறை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடல் இறுகியதும் அதை மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால், எஞ்சின் பிடித்த சிறிது நேரத்தில் பெடல் காலுக்குக் கீழே மெல்ல இறங்குவதை உணரலாம். அசையவே இல்லையென்றால், பூஸ்டருக்கு வெற்றிடம் வரவில்லை அல்லது வந்தும் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிய, பூஸ்டர் பக்கத்து ஹோஸ் முனையில் கேஜை மாட்டிப் பாருங்கள். பம்பின் வாயில் 600 காட்டிய முள் இங்கே 300-லேயே நின்றுவிட்டால் இழப்பு வழியில்தான் இருக்கிறது. பழைய ஹோஸ்கள் வெளியே பார்க்க நன்றாக இருந்து, உள்ளே அடுக்கு பிரிந்து, வெற்றிடம் ஏறியதும் தட்டையாகிவிடுவது உண்டு. எஞ்சின் ஓடும்போது விரல்களால் அழுத்திப் பார்த்தால் எந்த இடம் மெத்தென்று அமுங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஒருவழி வால்வைக் கழற்றி வாயால் ஊதியும் உறிஞ்சியும் பார்க்கலாம். காற்று ஒரு பக்கம் மட்டுமே போக வேண்டும், இரண்டு பக்கமும் போனாலும் தவறு, எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் தவறு.

பூஸ்டர் வரை முழு வெற்றிடம் வந்தும் பெடல் அசையவில்லை என்றால், கை பம்பால் பூஸ்டருக்கு 500 மி.மீ. வெற்றிடம் கொடுத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் டயாஃப்ரமோ, நான் ஏமாந்த அந்த ரப்பர் வளையமோ கசிகிறது. பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது உங்கள் கால்களுக்கு அருகே ‘ஸ்ஸ்’ என்ற ஓசை நிற்காமல் வந்தாலும் பூஸ்டருக்குள்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும். இந்த நிலையில் புதிய பம்ப் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

முதல் மிதிப்பு சரி, மூன்றாவது மிதிப்பு கட்டை

நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் பெடல் இறுகி, நெடுஞ்சாலையில் சரியாக இருக்கிறது என்பவர்களின் பம்ப்தான் பெரும்பாலும் உண்மையிலேயே தேய்ந்திருக்கும். ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுழல்வதால், செலவான வெற்றிடத்தை அடுத்த மிதிப்புக்குள் திரும்ப நிரப்ப அதற்கு நேரம் போதவில்லை. கேஜில் இது தெளிவாகத் தெரியும்: முள் கடைசியில் 550-ஐத் தொட்டுவிடும், ஆனால் தொடுவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இறுதி அளவை மட்டும் பார்த்துப் பம்பை நல்லது என்று முடிவு கட்டுபவர்கள் தவறுவது இங்கேதான். வேகத்தைச் சற்று உயர்த்தியதும் முள் துள்ளிக்கொண்டு ஏறினால், உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் வேன் தகடுகளோ சிறு வால்வுகளோ தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம். வெற்றிடத்தால் இயங்கும் மற்ற உறுப்புகளுக்குப் போகும் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாயை ரப்பர் மூடியால் அடைத்து மறுபடி சோதித்த பிறகே பம்பின் மேல் தீர்ப்பு எழுதுங்கள். இடுக்கியால் குழாயை நசுக்கிச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். முப்பது வருடம் வெப்பத்தில் வெந்த பிளாஸ்டிக் குழாய் அந்த இடத்திலேயே முறிந்து, இல்லாத ஒரு கோளாறைப் புதிதாக உண்டாக்கிவிடும்.

சாவியைத் திருப்பியும் எஞ்சின் நிற்கவில்லை

இது எல்லா வண்டிக்கும் உரியதன்று. 1976-இல் அறிமுகமான மெர்சிடிஸ் டபிள்யூ 123 போன்ற கார்களில், ஓஎம் 616, ஓஎம் 617 வகை டீசல் எஞ்சின்களை நிறுத்துவதும் வெற்றிடத்தின் வேலைதான். சாவியைத் திருப்பும்போது ஸ்டீயரிங் பூட்டின் பின்னாலிருக்கும் ஒரு வால்வு திறந்து, இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள நிறுத்தும் டயாஃப்ரத்துக்கு வெற்றிடத்தை அனுப்புகிறது. அது இழுத்ததும் எரிபொருள் நின்றுபோகிறது. வெற்றிடம் வராவிட்டால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். முதன்முறையாக இதைப் பார்ப்பவர் திகைத்துப்போவார். பதற்றம் தேவையில்லை: பானெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல் ‘ஸ்டாப்’ என்று பொறித்திருக்கும் நெம்புகோலை அழுத்தினால் நின்றுவிடும்.

இங்கே பிரேக்கே நல்ல சாட்சி. எஞ்சின் நிற்கவில்லை, பெடலும் கட்டையாக இருக்கிறது என்றால் மூலத்திலேயே வெற்றிடம் இல்லை, பம்பைச் சோதியுங்கள். பெடல் மென்மையாக வேலை செய்கிறது, எஞ்சின் மட்டும் நிற்கவில்லை என்றால் பம்பைத் தொட வேண்டியதில்லை. எஞ்சின் ஓடும்போது, நிறுத்தும் டயாஃப்ரத்தின் வாயில் கை பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் டயாஃப்ரம் நலம். குறை சாவி வால்விலோ அதற்கு வரும் குழாயிலோ இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் முள் ஏறாமல் காற்று போய்க்கொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. குழாயின் உள்ளே எண்ணெய் ஈரம் தெரிந்தால் இன்ஜெக்ஷன் பம்பிலிருக்கும் எஞ்சின் ஆயில் கிழிசல் வழியே வெற்றிடக் குழாய்களுக்குள் இழுக்கப்படுகிறது என்று பொருள். இதைத் தள்ளிப்போட்டால் மற்ற ரப்பர் உறுப்புகளும் ஊறி உப்பிவிடும்.

இதே கார்களில் கதவுப் பூட்டுகளும் ஏசியின் காற்றுத் தடுப்புகளும் தானியங்கி கியரின் மாற்றமும் வெற்றிடத்தை நம்பியிருக்கின்றன. பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாயிலிருந்து இவற்றுக்குப் பிரியும் வாய்களில் மிக நுண்ணிய துளைகளே விடப்பட்டிருக்கும். கதவுப் பூட்டில் ஏற்படும் கசிவு பிரேக்கைப் பாதிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பூட்டுகள் மட்டும் சோம்பலாக இருந்தால் பம்பை விட்டுவிட்டுக் கதவுக்குள் தேடுங்கள்.

பம்பின் பக்கம் ‘டக் டக்’ என்று ஓசை

மற்ற அறிகுறிகளில் நிதானம் காட்டலாம்; இதில் கூடாது. நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையைப் பம்பின் உடலில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேளுங்கள். ஓசை எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதோடு, வேக்குவம் ஹோஸைக் கழற்றியதும் மாறினாலோ மறைந்தாலோ அது பெரும்பாலும் பம்பிலிருந்துதான் வருகிறது.

பம்ப் எஞ்சினின் முன்பக்கத்தில், டைமிங் செயின் இருக்கும் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அமைப்பு என்றால் ஆபத்து இரட்டிப்பு. மெர்சிடிஸின் ஓஎம் 601, 602, 603 எஞ்சின்களில் பம்பின் நெம்புகோலில் இருக்கும் உருளை, இன்ஜெக்ஷன் டைமிங் கருவியின் கேம் எனும் மேடுள்ள சுழலும் வட்டின் மேல் ஓடுகிறது. அந்த உருளையின் பேரிங் உடைந்தால் குண்டுகள் சிதறி டைமிங் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சிக்கும். அதற்குப் பிறகு பேச வேண்டியது பம்பைப் பற்றியல்ல, எஞ்சினைப் பற்றி. ஆகவே அப்படிப்பட்ட எஞ்சினில் ஓசை கேட்ட நாளிலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங் தேய்ந்த பம்புக்கு டயாஃப்ரம் கிட் மட்டும் வாங்கிப் போட்டுச் சமாளிப்பதும் என் கருத்தில் மிச்சம் பிடிப்பதாகாது.

எண்ணெய் தெரிகிறது

எண்ணெய் எங்கே தெரிகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். பம்ப் எஞ்சினோடு சேரும் இடத்தில் வழிந்திருந்தால் கேஸ்கட்டோ ஓ ரிங்கோதான். பம்ப் நல்ல அளவு காட்டுகிற வரையில் அதை மட்டும் மாற்றினால் போதும். பூஸ்டருக்குப் போகும் ஹோஸின் உள்ளே ஈரம் இருந்தால் பம்பின் உள்வால்வு எண்ணெயைத் தடுக்கவில்லை; பூஸ்டரையும் திறந்து பாருங்கள்.

ஆல்டர்னேட்டரின் பின்னால் பம்ப் பொருத்தப்பட்ட வகையில் மூன்று இணைப்புகள் இருக்கும்: எண்ணெய் வரும் மெல்லிய குழாய், அது சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) திரும்பும் தடித்த ஹோஸ், வேக்குவம் ஹோஸ். திரும்பும் ஹோஸ் மடங்கினாலோ அடைத்தாலோ பம்ப் எண்ணெயில் மூழ்கி, ஷாஃப்ட் சீலைத் தாண்டி ஆல்டர்னேட்டருக்குள் எண்ணெய் புகும். கார்பன் பிரஷ்கள் எண்ணெயில் ஊறி சார்ஜ் விளக்கு எரியத் தொடங்கும். வரும் குழாய் அடைத்தால் வேன் தகடுகள் எண்ணெயின்றி உராய்ந்து அழியும். பம்பை மாற்றிவிட்டு இந்த இரண்டு குழாய்களையும் ஊதிப் பார்க்காமல் விட்டால், புதிய பம்பும் பழையதன் வழியே போகும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிட்டு, பம்பைச் சுற்றியுள்ள அழுக்கை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு துடையுங்கள். இது அழகுக்காக அல்ல. பம்ப் வெளியே வந்ததும் அந்தத் துளை நேராக எஞ்சினின் உள்ளே திறக்கிறது. நெம்புகோலோ பிஸ்டனோ உள்ள பம்பை உள்ளிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் ஒரு போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். அதற்கு முன், கிராங்க்ஷாஃப்ட் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி, எஞ்சினை அது வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கையால் சுழற்றி, கேமின் மேடு பம்பை விட்டு விலகும் நிலைக்குக் கொண்டுவந்தால் பாதி இறுக்கம் தானாகக் குறைந்துவிடும்.

பழைய பம்ப் கைக்கு வந்ததும் உருளையையும் பேரிங்கையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். குண்டு ஒன்று குறைந்தாலும் அது எஞ்சினுக்குள்தான் இருக்கிறது. ஆயிலை இறக்கி, வளையும் காந்தக் கம்பியால் துளையையும் சம்பையும் துழாவி, குறைந்த எண்ணிக்கை நிறைவடையும் வரை எஞ்சினை இயக்கக் கூடாது.

கேஸ்கட் ஒட்டியிருந்த முகத்தைச் சுரண்டும்போது துளைக்குள் சுத்தமான துணியை அடைத்து வையுங்கள். அலுமினிய முகத்தில் உளி வேண்டாம், பிளாஸ்டிக் தகடு போதும். புதிய கேஸ்கட்டின் மேல் சிலிகான் பசையை அப்பும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை; உள்ளே பிதுங்கும் துணுக்கு எண்ணெய்த் துளையை அடைத்துவிடும். உருளையிலும் ஷாஃப்ட்டிலும் எஞ்சின் ஆயிலைத் தடவி, வேன் பம்ப் என்றால் எண்ணெய் வரும் துளையில் சில மில்லிலிட்டர் மட்டும் விட்டுக் கையால் சுழற்றுங்கள். நிறைய ஊற்றினால் முதல் சுற்றிலேயே தகடு உடையலாம். பம்பின் முகம் எஞ்சினோடு கையாலேயே படிய வேண்டும். படியாததை போல்ட்டை இறுக்கி இழுத்தால், போல்ட் நுழையும் பம்பின் காது முறியும். கையேடு வேறு சொல்லாவிட்டால் எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர், எம்8-க்கு 20 முதல் 25 வரை போதுமானது.

பழைய வோக்ஸ்வாகன் 1.6 லிட்டர் டீசல் எஞ்சினில், பெட்ரோல் எஞ்சின் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் இடத்தில் பம்ப் செங்குத்தாக நிற்கும். அதன் ஷாஃப்ட்டின் கீழ்முனைதான் ஆயில் பம்பையும் சுழற்றுகிறது. பம்ப் முழுவதும் இறங்கி உட்காரவில்லையென்றால் நீண்ட ஸ்க்ரூடிரைவரால் ஆயில் பம்பின் நாக்கைச் சற்றே திருப்பி மறுபடி இறக்குங்கள். அந்த இணைப்பு பொருந்தாமல் எஞ்சினை இயக்கினால் ஆயில் அழுத்தமே இருக்காது.

முதல் முறை இயக்கும்போது கைபிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கேஜ் பம்பின் வாயிலேயே இருக்கட்டும். ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். முள் 600-ஐ நோக்கி ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, ஹோஸைப் பூஸ்டரோடு சேர்த்து, முன்பு சொன்ன பெடல் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால் ஒரு மிதிப்பாவது மென்மையாக இறங்க வேண்டும். இறங்கினால் ஒருவழி வால்வும் வெற்றிடத்தைப் பிடித்து வைக்கிறது. வண்டியைத் தெருவுக்கு எடுக்கும் முன், நடக்கும் வேகத்தில் நகர்த்தி மூன்று முறை அடுத்தடுத்து பிரேக் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கேஸ்கட்டின் ஓரத்தில் விரலை ஓட்டி ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, ஆறியதும் ஆயில் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.